மருமகனின் தீர்க்கதரிசனம்

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுவதில் என் அக்கா மகனுக்கு இணையான தகப்பனை நான் கண்டதில்லை. ஃபிராங்க்ஃபுர்ட்டில் வேலை உறுதியாகி விசா கைக்கு வருமுன்பே எக்செல் ஒன்று போட்டுவிட்டார். (தூக்கி வளர்த்த பையன்தான். அந்த எக்செல்லைப் பார்த்த பிறகு 'அவன்' என்று சொல்ல நா எழவில்லை.) இடது பக்கம் அந்த நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பன்னாட்டுப் பள்ளிகள் வரிசையாக நின்றன. மேலே கட்டங்கள்: எந்த அமெரிக்க அமைப்பின் அங்கீகாரம், ஏபி என்கிற அமெரிக்க மேல்நிலைப் பாடங்கள் எத்தனை, ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளை, நீச்சல் குளம் உண்டா, பஸ் வாசலுக்கு வருமா. கடைசிக் கட்டம் 'உள்ளூர் மொழி'. அதில் 'விருப்பப் பாடம்' என்று எழுதியிருந்த பள்ளிகளுக்கெல்லாம் பச்சை வண்ணம் அடித்திருந்தார். பச்சை என்றால் நல்லது என்று எனக்கு விளக்கினார்.

மருமகன் வளர்ந்தது கல்லாற்றில். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் மலை ஏறுமுன் டீக்கு நிறுத்துவார்களே, அந்த ஊர். 22 கொண்டை ஊசி வளைவுகளும் அதற்கப்புறம்தான். பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், அரசுப் பள்ளியில் மலையாளம், பக்கத்து பெஞ்சில் காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள். மழை நாளில் பஸ் வராவிட்டால் நடை. பிறகு நுழைவுத் தேர்வு எழுதி, 1939-லிருந்து நடக்கும் திருவனந்தபுரம் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம், அங்கிருந்து டெக்னோபார்க். இத்தனைக்கும் ஆன செலவை இன்று மகளின் பஸ் கட்டணத்திலேயே அடைத்துவிடலாம்.

இவ்வளவு ஓட்டைப் படிப்பைப் படித்தும் ஒரு ஜெர்மன் வங்கிக்கு மென்பொருள் எழுதும் நிலைக்கு அவர் வந்ததை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒழுங்கான பள்ளியில் படித்திருந்தால் எங்கே போயிருப்பாரோ! அந்தக் கொடுமை மகளுக்கு நேரக்கூடாது என்று அவர் கங்கணம் கட்டியதில் என்ன தப்பு?

ஜெர்மனிக்காரர்களின் சூழ்ச்சி அப்படி. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அரசு ஆரம்பப் பள்ளி வைத்திருந்தார்கள், கட்டணமே இல்லாமல். ஜெர்மன் தெரியாமல் வந்து சேரும் பிள்ளைகளுக்கு முதலில் மொழியைச் சொல்லிக்கொடுக்க ஹெஸ்ஸே மாநிலத்தில் 'இன்டென்ஸிவ்கிளாஸ்' என்று தனி வகுப்பும் உண்டு. மருமகன் இதையெல்லாம் ஒரே இரவில் படித்து, ஒரே இரவில் நிராகரித்தார். காசு வாங்காதவன் என்ன சொல்லிக்கொடுத்துவிடப் போகிறான்? பெர்லினில் 1960-லிருந்து ஜான் எஃப். கென்னடி பள்ளி என்று ஒன்று இருக்கிறது. ஜெர்மனும் ஆங்கிலமுமாக, ஜெர்மன் பிள்ளையும் அமெரிக்கப் பிள்ளையும் சேர்ந்து படிக்கும் அரசுப் பள்ளி. அங்கேயும் கட்டணம் கிடையாது. நல்லவேளை, மருமகனுக்கு பெர்லினில் வேலை கிடைக்கவில்லை. அமெரிக்கப் படிப்பு இலவசமாகக் கிடைக்கிறது என்றால் மனுஷன் எந்த முகத்தோடு ஊருக்கு போன் செய்வார்?

ஃபிராங்க்ஃபுர்ட்டில் அவர் தேர்ந்தெடுத்த அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியின் கட்டணம் ஆண்டுக்கு 20,000 யூரோவைத் தாண்டும். முதல் இரண்டு வருஷம் கம்பெனி பொறுப்பு. "அப்புறம்?" என்று அக்கா கேட்டாள். "அப்புறம் நாம எங்க இருப்போமோ, யாருக்கும்மா தெரியும்?" என்றார். மனுஷன் எத்தனை அடி தூரம் பார்க்கிறார் பாருங்கள். இருக்கிற ஊரை விட்டுவிட்டு, போகப்போகும் ஊரையும் விட்டுவிட்டு, போகாமலும் போகலாம் என்கிற ஊருக்குப் பிள்ளையைத் தயார் செய்ய எல்லாருக்கும் வருமா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளையை நட்டநடுவில் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களை நான் பேசவில்லை. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்து, பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் கிம்னாசியம் ஒரு பக்கம், மற்ற பள்ளிகள் ஒரு பக்கம் என்று அனுப்புகிறார்கள். மொழி பிடிபடாத பிள்ளை அதில் சிக்கினால் கஷ்டம்தான், பெற்றோர் பயப்படுவது நியாயம். ஆனால் இவள் போய் இறங்கியபோது வயது ஆறு. ஆறு வயதில் தெருவில் நாலு மாசம் விளையாடவிட்டாலே மொழி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த ஆபத்தைத்தான் மருமகன் உரிய நேரத்தில் தடுத்தார்.

பலனைக் கண்ணாரக் கண்டேன். போன ஜூலை விடுமுறைக்குக் கல்லாறு வந்தார்கள். பொன்முடியில் மழை பெய்தால் கீழே ஆறு சொல்லாமல் பெருகும். அன்று வெயில், அதனால் பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தோம். பேத்தி காலை வைத்ததும் "சிக்ஸ்டி எய்ட் இருக்கும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் புரிந்தது, ஃபாரன்ஹீட். அந்த அளவையை வகுத்த ஃபாரன்ஹீட் 1686-இல் டான்ஸிக்கில் ஒரு ஜெர்மன் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மொழி பேசுகிற நாடே எப்போதோ கைவிட்டதை, நம் வீட்டுப் பிள்ளை அந்த நாட்டிலேயே உட்கார்ந்து காப்பாற்றி வருகிறாள். வெர்மான்ட் மாநிலத்தின் தலைநகரம் கேட்டேன். "மான்ட்பீலியர்", கண் இமைக்கவில்லை. உங்கள் ஊருக்கு நடுவே ஓடுகிற ஆற்றின் பெயர் என்னம்மா என்றேன். கொஞ்சம் யோசித்து, "நாங்க அந்தப் பக்கம் போறதில்ல தாத்தா" என்றாள். மைன் ஆற்றுக்கு இதைவிட மரியாதை யார் செய்துவிட முடியும்? கல்லாற்றைப் பார்த்து, இங்கே லைஃப்கார்டு யார் என்றும் கேட்டாள். அது நல்ல கேள்வி. இந்த ஆற்றில் போன உயிர்களை நினைத்தால் நாங்களே எப்போதோ கேட்டிருக்க வேண்டியது.

நட்பு விஷயத்திலும் அந்தப் பள்ளி பிள்ளையை நன்றாகப் பக்குவப்படுத்தியிருக்கிறது. அங்கே படிப்பவர்களின் அப்பாக்களுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்றல் வரும். கொரியாக்காரச் சிறுமி போய்விட்டாள், பிரேசில்காரச் சிறுமி போய்விட்டாள், டெக்ஸாஸ்காரச் சிறுமிக்கு வருகிற ஜூனில் விடைகொடுக்கும் விருந்து. மாடிவீட்டு ஜெர்மன் பையன் மட்டும் எங்கேயும் போகாமல் அங்கேயே கிடக்கிறான். அவனோடு பேச இவளுக்கு மொழி இல்லை.

எட்டுப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பதை மருமகன் மூன்று முறை சொன்னார். எங்கள் திருவனந்தபுரம் மாவட்டம் மட்டும் இதில் என்ன மட்டமா? மலைக் குடியிருப்புகளில் ஏகாத்தியாபக வித்யாலயம் என்று வைத்திருந்தார்கள். நான்கு வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். சத்துணவுக்கும் அவரே பொறுப்பு, வராத பிள்ளையைக் குடிசைக்குப் போய்க் கூட்டிவருவதும் அவரே. அம்பூரி மலையில் ஓர் ஆசிரியை தோணி ஏறி, பிறகு காட்டில் நடந்து, இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினார். 2022-இல் அரசு இந்தப் பள்ளிகளை மூடிவிட்டு, அவரைப் போன்ற பலருக்கு வேறு பள்ளிகளில் துப்புரவு வேலை கொடுத்து கௌரவித்தது. ஃபிராங்க்ஃபுர்ட் பள்ளியின் பளபளக்கும் கையேட்டில் ஆசிரியர் நலன் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. எங்கள் அரசு ஒரு வரி உத்தரவில் முடித்துவிட்டது. சிக்கனத்தில் நாங்கள்தான் முன்னால்.

கல்லாற்று மொட்டமூட்டில் லட்சுமிக்குட்டியம்மா இருப்பதை மருமகளுக்குச் சொன்னேன். 1950-களில் காட்டுவழி நடந்து பள்ளிக்குப் போய் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர், காணிப் பெண்மணி, விஷ வைத்தியர். தாயிடம் கற்ற ஐந்நூறு மருந்துகளை ஏட்டைப் பாராமல் சொல்லுவார் என்பார்கள். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மருமகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிரேட்! ஆனா அதுக்கு அக்ரெடிடேஷன் இல்லையே சித்தப்பா" என்றாள். இவ்வளவு தெளிவான சிந்தனையோடு ஒரு தாய் இருக்கும்போது பிள்ளைக்கு என்ன குறை வந்துவிடும்?

ஒரேயொரு சின்ன விஷயம். அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளோமாவை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் ஜெர்மன் பல்கலைக்கழகம் நேராக உள்ளே விடுவதில்லை. குறிப்பிட்ட ஏபி தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வருஷ ஆயத்தப் படிப்பு, அதற்கும் ஜெர்மன் மொழி வேண்டும். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே இல்லை என்பதால் மருமகன் இதைப் பொருட்படுத்தவில்லை. இலவசம் என்றால் அவருக்கு ஆகாது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. அமெரிக்காவில் சேர்த்துவிடுவாராம். அமெரிக்க விசாவா? அது வரும்போது பார்த்துக்கொள்ளலாமாம்.

போன வாரம் போன் வந்தது. கம்பெனி அடுத்த வருஷம் அவரை பெங்களூருக்கு அனுப்பக்கூடும். எக்செல்லில் புதிதாக ஒரு தாள் திறந்து, முதல் வரியில் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியைப் போட்டிருக்கிறார். அமெரிக்க மிஷனரிகள் 1901-இல் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்றதும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "நாம யோசிச்சதையே அவங்க நூறு வருஷம் முன்னாலயே யோசிச்சிருக்காங்க மாமா!" என்றார். யோசித்தார்கள்தான். வெளிநாட்டில் வேலை, பிள்ளைக்குச் சொந்த நாட்டுப் படிப்பு. அவர்களுக்கு அமெரிக்கா சொந்த நாடு என்பது ஒரு சிறிய வித்தியாசம். 1834-லிருந்து மதுரைப் பக்கம் வேலை செய்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் தமிழ் படித்து, தமிழில் பிரசங்கம் செய்தார்கள் என்பது இன்னொரு சிறிய வித்தியாசம். மருமகன் ஏழு வருஷமாக ஃபிராங்க்ஃபுர்ட்டில் இருக்கிறார். ரொட்டிக் கடையில் இன்னும் விரலைக் காட்டித்தான் வாங்குகிறார்.

எப்படியோ, அமெரிக்கப் பாடத்திட்டத்தின் தயவில் எங்கள் பேத்தி தமிழ்நாட்டு மலை ஒன்றில் வந்து தங்கினாலும் தங்குவாள். அக்காவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை, முறுக்குக்கு மாவு அரைக்கச் சொல்லியிருக்கிறாள். கட்டணத்தை யூரோவில் கட்டினால் தனி மரியாதை உண்டா என்று மட்டும் விசாரித்துச் சொல்லும்படி மருமகன் என்னிடம் கேட்டிருக்கிறார்.