பாடமா, ஆராய்ச்சியா?

கேள்வி: கணிதத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டேன். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருப்பதா, கலைக் கல்லூரி வேலை கிடைத்தால் சேர்ந்துவிடுவதா? கல்லூரிக்குப் போனால் ஆராய்ச்சி செத்துவிடும் என்கிறார்களே!
– ஒரு வாசகி, மொரப்பூர்

பதில்: சாகாது, கொஞ்சம் மூச்சு வாங்கும். யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் விதி ஒன்றுதான். ஆனால் கல்லூரியில் வகுப்பு பெரிது, விடைத்தாள் கட்டும் பெரிது. பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் கிடைப்பார்கள், "கட்டுரை எங்கே?" என்ற கேள்வியும் சேர்ந்தே கிடைக்கும்.

பாதர் ரசீனைத் தெரியுமா? பிரான்சிலிருந்து வந்து சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் நடத்தியவர். புதிய கணிதத்தைத் தன் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தி, பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வழிகாட்டினார். அப்படிப் போன இருவர்தான் எம்.எஸ்.நரசிம்மனும் சி.எஸ்.சேஷாத்ரியும். 1965இல் அவர்கள் நிறுவிய தேற்றத்தை இன்று உலகமே இருவர் பெயராலும் அழைக்கிறது. அதே சேஷாத்ரி 1989இல் சென்னைக் கணிதவியல் கழகத்தைத் தொடங்கினார். அங்கே ஆராய்ச்சியாளர்களே பி.எஸ்சி. மாணவர்களுக்கும் பாடம் நடத்துகிறார்கள். ஆக, கரும்பலகை ஆராய்ச்சிக்குச் சக்களத்தி அல்ல!

உங்கள் ஊரில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சேலம், மறுபக்கம் சென்னை. இரண்டு பக்கமும் விண்ணப்பம் போடுங்கள். முதலில் வருவது கல்லூரி வேலை என்றால் தயங்காமல் சேருங்கள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் படிக்க வரும் உங்கள் தர்மபுரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு ரசீன் அவசியம் வேண்டும்.