நட்சத்திரம் பார்ப்பவருக்கு எவ்வளவு கரண்ட் பில்?

கேள்வி (புளியங்குடி வாசகர்): இரவெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு வானம் பார்ப்பதுதானே வானியலாளரின் வேலை? அவரைவிடச் சிக்கனமாக வாழ்கிறவர் உண்டா?

பதில்: வீட்டு மீட்டரை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. அவருடைய பெரிய செலவு அந்த மீட்டரில் ஓடுவதில்லை. ஆஸ்திரேலிய வானியலாளர்கள் தங்கள் தொழிலின் கணக்கைத் தாங்களே போட்டு 2020இல் வெளியிட்டார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 37 டன்னுக்குக் குறையாமல் கரியமில வாயு என்று வந்தது. இந்தியர் ஒருவரின் சராசரிப் பங்கு சுமார் 2 டன்தான். அந்த 37 டன்னில் பாதிக்கு மேல் சூப்பர் கம்ப்யூட்டர்கள் தின்ற மின்சாரம். அடுத்தது விமானப் பயணம். தொலைநோக்கி நிலையங்கள் அதற்கும் பிறகுதான். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனம் தன் 2018ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்தபோது ஆளுக்குச் சுமார் 18 டன் வந்தது. அங்கே ஏறத்தாழப் பாதி விமானத்தின் பங்கு. ஆக, வானியலாளர் ஒருவர் சைக்கிளில் அலுவலகம் போகிறார், மாடித் தோட்டம் போடுகிறார், துணிப்பை கொண்டு போகிறார் என்றால் எல்லாம் நல்ல பழக்கமே. ஆனால் ஒரே ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் பறந்து வந்தால் அந்த வருடச் சேமிப்பு அத்தனையும் போய்விடும். அவர் சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் அவருடைய வேலை.

அதற்கு வழியும் நம் நாட்டிலேயே இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. அதை இயக்குகிறவர்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். மூச்சு முட்டும் குளிருக்கும் உயரத்துக்கும் ஆட்களை அனுப்பாமலிருக்கச் செய்த ஏற்பாடு, பயணப் புகையையும் சேர்த்தே குறைத்துவிட்டது. கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். நூறாண்டுக் கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும் இப்போது டிஜிட்டல் வடிவில் எவரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கின்றன. என்றோ பதிவான சூரியப் புள்ளியை இன்று புதுக் கேள்வியோடு ஆராய விமானமும் வேண்டாம், புதுத் தொலைநோக்கியும் வேண்டாம். ஏற்கெனவே எடுத்த தரவைத் திரும்பத் திரும்பக் கறந்து பயன்படுத்துவதுதான் இந்தத் துறையின் அசல் சிக்கனம் என்பேன்.

கேள்வி: மாநாட்டுக்குப் போகாதே என்றால், எங்கள் ஊர் மாணவன் பெரிய விஞ்ஞானிகளை எப்போது சந்திப்பான்?

பதில்: நியாயமான கவலை. ஐரோப்பிய வானியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் பிரான்ஸின் லியோன் நகரில் நேரில் கூடினார்கள். பயணத்தால் மட்டும் வெளியான கரியமில வாயு 1,855 டன். கொரோனா வந்த 2020இல் அதே கூட்டம் இணையத்தில் நடந்தது. மொத்தமே 582 கிலோதான். மூவாயிரம் மடங்கு குறைவு! அதோடு, விசாவும் டிக்கெட்டும் வாங்க முடியாமல் இதுவரை வாசலில் நின்றவர்கள்தான் இணையக் கூட்டத்தால் உள்ளே வந்தார்கள். தென்காசி மாவட்டத்து மாணவிக்கு அது திறந்த கதவு. ஆனாலும் தேநீர் இடைவேளையில் நடக்கும் பேச்சை எந்தத் திரையும் தராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் விமானத்தை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. பேரும் புகழும் வந்துவிட்ட மூத்தவர்கள் திரையில் பேசட்டும். முதல் ஆய்வுக் கட்டுரை எழுதிய இளைஞர்கள் நேரில் போகட்டும். இப்போது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

கேள்வி: உலகத்தில் வானியலாளர்கள் ஒரு கைப்பிடிதான். அவர்களை விடுங்கள், நாங்கள் என்ன செய்வது?

பதில்: கைப்பிடிதான். ஆனால் வெள்ளிக் கிரகம் கரியமில வாயுப் போர்வைக்குள் வெந்து கிடப்பதை உலகுக்குச் சொன்னவர்களும் அவர்களே. சொன்னதை அவர்களே செய்து காட்டினால்தான் பேச்சுக்கு மதிப்பு. நீங்கள் செய்யக்கூடியது தெருவிளக்கில் இருக்கிறது. 2011 முதல் 2022 வரை சாதாரண மக்கள் அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்த பதிவுகள். இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறதாம். பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிந்த இடத்தில் 18 வயதில் நூறுதான் மிஞ்சும். வானத்துக்குப் போகும் அந்த வெளிச்சம் முழுக்க நாம் காசு கொடுத்து வாங்கிய மின்சாரம்.

உங்கள் ஊரில் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பார்க்கலாம். குற்றால சீசனில் மேகம் விடாது. மாசி பிறக்கும்போது பாருங்கள். இரவு ஒன்பது மணி வாக்கில் நேர் தெற்கே, நீட்டிய கையின் முஷ்டிகளை அடிவானத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மூன்று முஷ்டி உயரத்தில், அகத்திய நட்சத்திரம் நிற்கும். பொதிகைக்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் பிரகாசமானவர், எந்த வெளிச்சத்திலும் தெரிவார். அதனால் தலைக்கு மேலே ஓரியன் கூட்டத்தில் மங்கலானவை எந்த அளவுக்குத் தெரிகின்றன என்று பார்த்து, மக்களின் இரவு வானப் பதிவுகளைத் திரட்டும் ‘குளோப் அட் நைட்’ திட்டத்துக்கு அனுப்புங்கள். தொலைநோக்கி வாங்காமலே ஆராய்ச்சிக்கு உதவும் பொழுதுபோக்கு இது.

விளக்கைக் குறைத்தால் பெண்களுக்குப் பாதுகாப்பு போய்விடாதா என்று கேட்பார்கள். விளக்கை எடுக்க வேண்டாம், மூடி போடுங்கள். கண்ணில் குத்தும் வெள்ளை எல்இடிக்குப் பின்னால் நிற்கிற ஆள் நமக்குத் தெரிவதில்லை. ஒளி தரையில் மட்டும் விழுந்தால் தெரிவார். மேலே ஒளி சிந்தாத மூடி, மஞ்சள் கலந்த ஒளி, நள்ளிரவுக்குப் பின் மங்கும் ஏற்பாடு: இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள்.