கை தட்ட உத்தரவு

வியன்னா,
ஜனவரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

'சங்கீத ஊர் என்று பீற்றிக்கொள்கிறாயே, அங்கே டிசம்பர் சீசன் உண்டா? கேன்டீன் எப்படி?' என்று கேட்டிருந்தீர்கள். கேன்டீனை விட்டுவிடுங்கள். இடைவேளையில் விரல் நீள ரொட்டியின் மேல் மீனை வைத்து நீட்டுகிறார்கள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சீசன் மட்டும் முடிகிற வழியே இல்லை. டிசம்பர் 31 நள்ளிரவு பெரிய தேவாலயத்தின் மணி அடித்ததும் ரேடியோவில் 'நீல டான்யூப்' வால்ட்ஸ் வருகிறது. அந்தக் குளிரில் ஜனங்கள் தெருவிலேயே ஜோடி போட்டுச் சுற்றுகிறார்கள். விடிந்தால் மூசிக்ஃபெரைன் தங்க ஹாலில் புத்தாண்டுக் கச்சேரி. அப்புறம் நடன சீசன். டாக்டர்களுக்கு ஒன்று, வக்கீல்களுக்கு ஒன்று, காபிக்கடை முதலாளிகளுக்கு ஒன்று என்று ஒரு சீசனுக்கு 400க்கு மேல் நடன விழா. ஆப்பரா ஹாலில் நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு, மேடை உயரத்துக்குத் தளம் போட்டு ராத்திரி முழுக்க ஆடுகிறார்கள். ஆண்கள் வால் வைத்த கோட்டு போட்டே ஆகவேண்டும். நான் டிவியில் பார்ப்பதோடு சரி. கோடையில் டான்யூப் தீவில் மூன்று நாள் இலவசத் திருவிழா. ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்தில் சாட்சாத் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவே காசு வாங்காமல் வாசிக்கிறது.

எல்லாம் சரி, கையைத்தான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

போன மாதம் பீத்தோவனின் ஏழாவது சிம்பனி. ஹால் கடைசியில், நிற்கிற டிக்கெட். இரண்டாவது பகுதி 'தாம் தக தாம் தாம்' என்று நடக்கிறது. அப்படியே திரும்பத் திரும்ப. நம் வீட்டுப் பிள்ளை தாளம் போடாமல் என்ன செய்வான்? தொடையில் லேசாகத்தான் தட்டினேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். நான் கையைக் கோட்டுப் பைக்குள் போடலாமென்றால், கோட்டை வாசலிலேயே வாங்கி மாட்டிவிட்டார்கள். அந்தப் பகுதி முடிந்தது. ஒரு கைத்தட்டல் இல்லை! நாலு பகுதியும் முடிந்தால்தான் தட்டலாமாம். அதுவரை இருமலைக்கூட அடக்கி வைத்திருக்கிறார்கள். பகுதி முடிந்ததும் மொத்த ஹாலும் சேர்ந்து இருமுகிறது, அடுத்தது தொடங்கியதும் கப்சிப்.

இத்தனைக்கும் 1813இல் இதே ஊரில் இந்தச் சிம்பனியை முதன்முதலாக வாசித்தபோது, இந்த இரண்டாவது பகுதியைத்தான் 'ஒன்ஸ் மோர்' கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த அம்மாளிடம் சொல்லியிருப்பேன், எனக்கு ஜெர்மன் அவ்வளவு வராது.

கை தட்ட உத்தரவு கிடைப்பது புத்தாண்டுக் கச்சேரியின் கடைசி உருப்படிக்கு. ராடெட்ஸ்கி அணிவகுப்பு இசையை வாசிக்கும்போது இசை நடத்துநர் வாத்தியக்காரர்களை விட்டுவிட்டு ஜனங்கள் பக்கம் திரும்பி, இப்போது மெதுவாக, இப்போது பலமாக என்று கையைக் காட்டுகிறார். பட்டும் வைரமுமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தட்டுகிறார்கள். நம் பம்பாய்க்காரர் ஜுபின் மேத்தா ஐந்து வருஷம் இந்தக் கச்சேரியை நடத்தியிருக்கிறார், தெரியுமோ? ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

நம் ஊர் மியூசிக் அகாடமியில் தனி ஆவர்த்தனத்தின்போது பாதி ஹால் போண்டாவுக்கு எழுந்து போகும். நீங்கள் மட்டும் தொடையில் போடுகிற போட்டுக்கு முன்வரிசை மாமி திரும்பிப் பார்ப்பார். சத்தத்துக்காக இல்லை, கணக்கு சரியாக விழுகிறதா என்று பார்க்க. இங்கே இத்தனை கச்சேரி கேட்டும் என் கணக்கைச் சரிபார்க்க ஒரு ஆள் கிடையாது.

புத்தாண்டுக் கச்சேரி டிக்கெட் குலுக்கல் முறையில்தான். வருஷ ஆரம்பத்திலேயே பெயர் கொடுக்கவேண்டும். இந்தத் தடவை உங்கள் பெயரையும் கொடுக்கப் போகிறேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வையுங்கள். விலையைச் சித்தியிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அதற்குள் உங்கள் வறட்டு இருமலுக்கு மட்டும் நல்ல டாக்டராகப் பாருங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள ரகு