சுவர் இருந்தால் அடித்துப் பார்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை மகன் கண்ணில் படக்கூடாது என்று அவனுடைய ப்ளேஸ்டேஷனை எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் ராத்திரி, வைத்த பொருள் வைத்தபடி இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேன். தணிக்கைப் பிரிவில் 18 வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இருப்புச் சரிபார்ப்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். இருந்தால் மட்டும் போதாது, ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுவதுதானே முறை? ஓடியது. உள்ளே இருந்த ஆட்டம் ‘எல்டன் ரிங்’.

2022 பிப்ரவரியில் வந்த ஜப்பானிய ஆட்டம். இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. அந்த உலகத்தின் பழங்கதையை எழுதிக் கொடுத்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். ஆகவே யாருக்கு யார் பங்காளி, யார் யாரை எதற்குக் கொன்றார்கள் என்பது கடைசிவரை நமக்குப் பிடிபடாது. எங்கே போக வேண்டும் என்றும் ஆட்டம் தெளிவாகச் சொல்லாது. சொல்வது தரைதான். நமக்கு முன்னால் அந்த வழியாகப் போன மனிதர்கள் ஆங்காங்கே தரையில் குறிப்பு எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நினைத்ததையெல்லாம் எழுத முடியாது. கொடுத்திருக்கும் சொற்களில் பொறுக்கிக் கோர்க்க வேண்டும், எங்கள் ஆபீஸ் படிவம் மாதிரி. ‘முன்னால் மறைவழி.’ ‘அடித்துப் பார்.’ ‘குதித்துப் பார்.’ ஆமை நிற்கும் இடத்திலெல்லாம் ‘முன்னால் நாய்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். “அது அப்படித்தான்பா” என்றான் மகன்.

பகல் முழுக்க எந்த ரசீதையும் நம்பாதவன் நான். டீ பில்லைக்கூட வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்ப்பேன். அப்பேர்ப்பட்டவன் ராத்திரியில், மலை விளிம்பில் முன்பின் தெரியாத ஒருவன் ‘குதித்துப் பார்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துக் குதித்தேன். செத்தேன். பக்கத்தில் இன்னொரு குறிப்பும் அதையே சொல்லியிருந்தது. இரண்டு சாட்சி ஒத்துப்போகிறதே என்று மறுபடியும் குதித்தேன்.

இந்தக் குணம் புதிதல்ல. 1993இல் கும்பகோணத்தில் எங்கள் தெருவிலேயே டிவி கேம் இருந்த ஒரே வீடு மாடிவீடு. மஞ்சள் கேசட். மேலே 9999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும். உள்ளே நாலைந்து ஆட்டங்கள் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஓடாவிட்டால் கேசட்டின் வாயில் ஊத வேண்டும். ஊதும் உரிமை மாடிவீட்டு அண்ணனுக்கு மட்டும். அந்த அண்ணன்தான் எனக்கு ரகசியம் சொன்னார்: “மாரியோவுல கொடிக்கம்பத்தத் தொடாம அதுக்கு மேல தாண்டிக் குதிச்சீன்னு வையி, அந்தப் பக்கம் ஒரு ஊரே இருக்குடா. காசு மழையா கொட்டும்.” அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் கம்பம் தாண்டினேன். தாண்ட முடியவில்லை. வெகுகாலம் கழித்துத் தெரிந்தது, 3-3ஆம் கட்டத்தில் தராசுத் தட்டு மாதிரி ஏறி இறங்கும் பலகையை வைத்து உண்மையாகவே தாண்டலாமாம். அந்தப் பக்கம் இருப்பது வெறும் தரை. நேரம் தீரும்வரை ஓடிக்கொண்டே இருந்துவிட்டு மாரியோ செத்துப்போவான். அண்ணன் இப்போது ரியல் எஸ்டேட்டில் இருக்கிறார்.

அவராவது வாயால் புளுகினார். அமெரிக்காவில் அச்சடித்தே புளுகினார்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்தில் ரியூ என்ற வீரன் போடும் குத்தின் பெயரை ஆங்கிலப்படுத்தும்போது குழப்பிவிட்டார்கள். அது ஷெங் லாங் என்று ஓர் ஆளின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. ‘எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி’ பத்திரிகை 1992 ஏப்ரல் இதழில், கடைசி வில்லன்வரை ஓர் அடிகூட வாங்காமல் போய், அங்கே அடிக்காமலும் அடிபடாமலும் பத்து ரவுண்டு ஓட்டினால் ஷெங் லாங் நேரில் வருவார் என்று எழுதியது. எந்த மாதத்து இதழ் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. காசு காசாகப் போட்டு முயன்றார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே வரிசையில் அகுமா என்ற ரகசிய வில்லன் நிஜமாகவே வந்தான். புளுகினால் அப்படிப் புளுக வேண்டும். இரண்டு வருஷத்தில் பலித்துவிட வேண்டும்.

எல்டன் ரிங்கின் மாயச் சுவர்களுக்கு வருகிறேன். பார்க்க மற்ற சுவர் மாதிரியே இருக்கும். கத்தியால் ஒரு தட்டு தட்டினால் புகையாகக் கலையும், உள்ளே வழி திறக்கும். முதல் சுவர் கலைந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பிறகு ஒரு செய்தி காதில் விழுந்தது: எரிமலை மாளிகையில் ஒரு சுவரை யாரோ ஒருவர் 50 முறைபோல அடித்துத் திறந்திருக்கிறார். திறந்து போனால், ஏற்கெனவே வேறு வழியாகப் போகக்கூடிய இடம்தான். எனக்கு அந்த இடம் பெரிதில்லை. 49ஆவது அடியிலும் கலையாத சுவரை 50ஆவதாக அடித்தான் பார், அந்த மனிதனை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. அன்றிலிருந்து எந்தச் சுவரையும் 60 அடிக்குக் குறைவாக நான் விட்டதில்லை. பத்து அடி பாதுகாப்புக்கு.

“ஏங்க, ராத்திரி யாரு கதவத் தட்றது?” என்றாள் மனைவி.

“பக்கத்து வீட்டுல.”

“டக்கு டக்குன்னு அறுபது தடவையா?”

அவள் எண்ணியிருக்கிறாள். தணிக்கைக்கு வரவேண்டியவள்.

மலேனியா என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதைச் சொன்னவன் மகன். கதையை முடிக்க அவளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பார்க்காவிட்டால் விளையாடியதாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் சமூக அறிவியல் கேள்வி கேட்பதாகச் சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வழி கேட்டேன். இரண்டு துண்டாக உடைந்த ரகசியப் பதக்கம் ஒன்று வேண்டும். ஒரு துண்டு ஒரு கிராமத்துக் கிழவரிடம். அவர் பானை உருவத்தில் ஒளிந்திருக்கிறார். பானையை அடித்தால் கிழவர் வருவார். இன்னொரு துண்டு சோல் கோட்டையில் நையல் என்ற தளபதியைத் தாண்டி. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ரோல்டின் லிஃப்ட்டில் ஏற வேண்டும்.

“அதுல நான் ஏற்கெனவே போயிட்டு வந்துட்டேனே?”

“அதே லிஃப்ட்தான்பா. வேற பதக்கத்தக் காட்டணும், வேற எடத்துக்குப் போகும்.”

இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அரசு அலுவலகங்களில் அப்படித்தான். அதே ஜன்னல், அதே ஆள். நீட்டுகிற சீட்டுதான் வேறு.

போனால் கண் தெரியாத பனிப்புயல். அதைத் தாண்டி ஓர் ஊர். அங்கே கண்ணுக்குத் தெரியாத கொலைகாரர்கள் குத்தக் குத்த நாலு விளக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் பிரமாண்டமான ஒரு மரம். அதன் கிளைகள்மேல் நடக்க வேண்டும். கிளையில் வெள்ளை உருவங்கள் நாதஸ்வரம் போல நீளக் குழல் ஊதிக்கொண்டு நிற்கின்றன. மங்கள வாத்தியம் என்று நெருங்கினேன். குழலிலிருந்து சோப்புக் குமிழி வந்தது. குமிழி பட்டுக் கிளையிலிருந்து விழுந்து செத்த தணிக்கையாளன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மரத்தின் அடிவேரில் மலேனியா உட்கார்ந்திருந்தாள். ஒரு கை தங்க நிறத்தில் செயற்கைக் கை. எழுந்ததும் தன் பெயரைச் சொன்னாள், தான் தோற்றதே இல்லை என்றும் சொன்னாள். ஒவ்வொரு தடவை நம்மைக் கொன்ற பிறகும் பெயரை மறுபடி சொல்கிறாள், நாம் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லையோ என்கிற சந்தேகத்தில். அவள் கத்தி நம்மேல் பட்டால் அவளுக்கு உயிர் ஏறும். கேடயத்தில் பட்டாலும் ஏறும். நாம் கட்டுவது வட்டிக்கே போய்விடுகிறது, அசல் குறைவதில்லை. திடீரென்று அந்தரத்தில் எழும்பி ஒரு கணம் நின்று, சுழன்று சுழன்று வெட்டுவாள். அதற்கு ‘நீர்ப்பறவை நடனம்’ என்று பெயர். நடனம் முடிவதைப் பார்க்க நான் இருந்ததில்லை.

ஒரு நோட்டில் கணக்கு வைத்தேன். வரிசை எண், நேரம், இறப்பின் காரணம். காரணப் பத்தியில் முதல் வரிக்குப் பிறகு எல்லாம் ‘மேற்படி’. 41ஆவது மேற்படியின்போது அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் பின்னாலேயே நின்று பார்த்தார்.

“யாருடா அந்தப் பொண்ணு?”

“ஒரு தேவதை மாதிரிம்மா.”

“அவ பாட்டுக்கு மரத்தடில உக்காந்திருக்கா. நீ எதுக்குத் திரும்பத் திரும்பப் போயி வம்பு இழுக்கற?”

இந்த விளையாட்டைப் பற்றி நான் கேட்ட ஒரே நேர்மையான விமரிசனம் அதுதான்.

உதவிக்கு ஆள் கூப்பிடலாம். தரையில் தங்க நிறத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கு விதை எது என்று மியாசாகி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்: பனி விழுந்த மேட்டில் அவர் கார் சிக்கிக்கொண்டதாம்; பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்ற வண்டிகளை முட்டித் தள்ளி மேடேற்றினார்களாம்; நின்று நன்றி சொன்னால் மறுபடியும் சிக்கிவிடுவோம் என்று அப்படியே போய்விட்டாராம். அந்த மேட்டில் முளைத்த இந்த ஏற்பாட்டில்தான் 2022இல் ஒருவர் பேர் வாங்கினார். தலையில் பானை, இடுப்பில் ஒரு துண்டு, இரண்டு கையிலும் வாள். பெயர் ‘லெட் மீ சோலோ ஹெர்’. அவளை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். யார் யாருக்காகவோ மலேனியாவை ஆயிரம் தடவைக்குமேல் வீழ்த்தியவர். வெளியீட்டாளர்களான பண்டாய் நாம்கோ அவருக்கு நிஜ வாள் ஒன்றையே பரிசாக அனுப்பினார்கள்.

ஒரு ராத்திரி என் முன்னாலும் பானைத் தலையன் ஒருவன் தோன்றினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒதுங்கி நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். பன்னிரண்டே நொடியில் அவன் செத்துப்போனான். வேஷக்காரன். மலேனியா என் பக்கம் திரும்பினாள்.

அன்றைக்கு எனக்குள் ஏதோ உடைந்தது. 70 மேற்படிகள் ஆகியிருந்தன. தலைநகர் லெய்ண்டெல்லில், நானே 60 முறை அடித்து ஒன்றுமில்லை என்று சான்றளித்த ஒரு சுவரின் கீழே, மனமறிந்து எழுதினேன்: ‘முன்னால் மறைவழி.’ 18 வருஷத்தில் நான் கையெழுத்திட்ட முதல் பொய் அறிக்கை.

83ஆவது தடவை. மலேனியாவுக்கு உயிர் நூலளவு. எனக்கு அதிலும் பாதி. மருந்துக் குப்பி காலி. அவள் எழும்பினாள். நோட்டில் எழுதப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது என் உயிர்க்கோடு திடீரென்று முழுசாக நிரம்பியது. நம் குறிப்புக்கு யாராவது மதிப்புப் போட்டால் எழுதியவனுக்கு உயிர் நிரம்பும், அது ஆட்டத்தின் விதி. நான் எழுதியிருந்தது அந்த ஒரே ஒரு குறிப்புதான். வாழ்க்கையில் முதல்முறையாக நடனம் முடிவதைப் பார்த்தேன். அவள் தரையில் இறங்கினாள். குத்தினேன்.

நான் போட்ட சத்தத்தில் வீடே எழுந்தது. “கேள்வித்தாள் அவுட்டாயிடுச்சா?” என்று மகன் ஓடிவந்தான். அம்மா திரையைப் பார்த்துவிட்டு, “பாவம்டா அந்தப் பொண்ணு” என்று சொல்லிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்தச் சுவருக்குப் போனேன். என் குறிப்புக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று இருந்தது. ‘முன்னால் பொய்யன்.’ நல்ல குறிப்பு என்று மதிப்புப் போட்டேன். எங்கேயோ ஒருத்தருக்கு உயிர் நிரம்பியிருக்கும்.