‘ஆம்’ மட்டும் தெரிந்த பெட்டி

வுஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை கொடுத்தனுப்பிய கேழ்வரகு மாவு வந்து சேர்ந்தது. களி கிண்டிய அன்று, பக்கத்து அறைக்காரர் சுவரில் ஓட்டை அடைக்கவா என்று கேட்டார். ஒரு வாய் கொடுத்தேன். அதன்பிறகு ஒன்றும் கேட்பதில்லை.

போனில் “வண்டி எப்படி ஓடுது மாப்ள?” என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. வண்டி நன்றாக ஓடுகிறது. எங்கே ஓடுகிறது என்பதில்தான் தகராறு.

பென்னாகரத்தில் உங்கள் பட்டறைக்கு வந்த டிவிஎஸ் 50 முதல் புல்லட் வரை எல்லாவற்றையும் ‘டிரையல்’ பார்த்தவன் நான். இங்கே என் வண்டிக்கு முன்னும் பின்னும் வெள்ளை அட்டையில் சிவப்பு ‘எல்’. அடிப்படைப் பயிற்சி என்று ஒன்றை முடித்தால்தான் ரோட்டுக்கே விடுகிறார்கள். அதுவும் 125 சிசிக்குள்தான். முழு லைசென்ஸ் வாங்கும்வரை மோட்டார்வே பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. மோட்டார்வே என்றால் நம்ம தொப்பூர் ரோட்டில் எருமை, டீக்கடை, ராங் சைடில் வருகிற மொபெட் மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது. வுஸ்டர் பக்கத்தில் எம்5 என்று ஒன்று போகிறது. பெயரை ஞாபகத்தில் வையுங்கள்.

வழி தெரிய ஒரு ஜிபிஎஸ் பெட்டி வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினேன். போனை மாட்டலாமே என்பீர்கள். ஓட்டும்போது அதைக் கையில் எடுத்தால் 200 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 புள்ளி. போதாததற்குப் பெரிய மோட்டார்சைக்கிள் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-இல் எச்சரித்தது. என் 125-க்கு அவ்வளவு தகுதி கிடையாது, ஆனாலும் ஒரு மரியாதைக்குப் பயந்து வைத்தேன்.

பெட்டியின் அட்டையில் ‘ஐபிஎக்ஸ்7’ என்று போட்டிருந்தது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று அர்த்தமாம். சத்தியமான வார்த்தை, ஒரு சொட்டு புகவில்லை. மழை வெளியே நின்றபடியே காரியத்தை முடித்துவிட்டது. இந்தக் கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மின்பூச்சு ஒன்று இருக்கிறது மாமா. விரல் பட்டால் அங்கிருந்து துளி மின்னூட்டத்தை நம் உடம்பு இழுக்கும், எந்த இடத்தில் இழுத்தது என்று பெட்டி கண்டுபிடிக்கும். தண்ணீரும் மின்சாரம் கடத்துகிற சாமான்தானே? ஒவ்வொரு சொட்டும் அதற்கு ஒரு விரல். முதல் தூறலில் வரைபடம் சுருங்கிச் சுருங்கி ஐரோப்பா முழுவதும் தெரிந்தது. அடுத்த தூறலில் நாய்க்கு முடிவெட்டும் கடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே போகச் சொல்லிக் கிளம்பிவிட்டது. அப்புறம் ஜெர்மன் மொழியில் பேச ஆரம்பித்தது. மழை தொட்டால் இத்தனையும் செய்கிற பெட்டி, நான் தொட்டால் அசையாது. குளிருக்குக் கையுறை போட்டிருக்கிறேன், அது மின்சாரம் கடத்தாது. விரல் நுனியில் கடத்தும் நூல் வைத்துத் தைத்த கையுறை விற்கிறார்கள்தான். அது நனைந்தால் கையுறை முழுவதும் ஒரே விரல்.

இந்த மழைத் தொல்லை இவ்வகைத் திரைகளுக்கெல்லாம் பொது. என் பெட்டிக்கென்று தனியாக ஒரு நோய் உண்டு. திரையின் வலது ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குச் செத்துப்போச்சு. வெறும் கையால் அழுத்தினாலும் உணர்வில்லை. உள்ளே ரிப்பன் ஒயர் பிடிமானம் விட்டிருக்கும், நீங்களாக இருந்தால் பிரித்துப்போட்டுப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியிருப்பீர்கள். இங்கே பிரித்தால் கேரண்டி போச்சு. அதுகூடப் பரவாயில்லை. இந்தப் பெட்டி எதைக் கேட்டாலும் இடப்பக்கம் ‘ஆம்’, வலப்பக்கம் ‘இல்லை’ என்று காட்டும். வலப்பக்கம்தான் செத்துவிட்டதே.

“வேகமான பாதை கிடைத்திருக்கிறது, மாறலாமா?” ஆம். “எம்5 வழியாகப் போகலாமா?” ஆம். எல் போர்டு மாட்டியவனை மோட்டார்வேக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போலீஸிடம் ஒப்படைப்பதில் அதற்கு என்ன குறியோ! நான் மறுத்து வேறு பக்கம் ஒடித்தால், நின்று நிதானமாகத் திரும்பவும் கேட்கும். நம்ம ஊர் கல்யாணத் தரகர்கூட இரண்டாம் தடவைக்கு மேல் வெட்கப்படுவார்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? என் வீட்டிலிருந்து ஏ449 ரோட்டில் எட்டு மைல் போனால் மால்வெர்ன் என்று ஒரு மலையடிவார ஊர். அங்கே அரசாங்க ராடார் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. 1965-இல் அங்கே வேலை பார்த்த ஈ.ஏ. ஜான்சன் என்பவர்தான் விரலால் தொட்டு இயக்கும் இந்த வகைத் திரையைப் பற்றி முதன்முதலில் எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்காக யோசித்தது. அவர்கள் கூரைக்குக் கீழே, நாற்காலியில், காய்ந்த விரலோடு உட்கார்ந்திருக்கிறவர்கள். வெளியே மழை அடித்தால் அவர்களுக்கு என்ன?

செயற்கைக்கோளைக் குறை சொல்ல மாட்டேன். 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றுகிற ஜிபிஎஸ் கோள்களின் சிக்னல், மேகம், மழை எல்லாவற்றையும் தாண்டி ஒழுங்காக வந்து சேர்கிறது. நாலு கோள் தெரிந்தால் போதும், நான் நிற்கிற இடத்தைப் பெட்டி சொல்லிவிடும். அவ்வளவு தூரம் வந்த சமாச்சாரம் கடைசி ஒரு அங்குலத்தில், கண்ணாடிக்கும் என் விரலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

மழை என்றதும் செவெர்ன் ஆறு ஞாபகம் வருகிறது. நம்ம காவிரி மாதிரியே இதற்கும் வெள்ளம் வந்தால் கண்மண் தெரியாது. அப்டன் என்கிற ஆற்றங்கரை ஊருக்குள் அடிக்கடி தண்ணீர் வந்துவிடும். ஒகேனக்கலில் தண்ணீர் ஏறினால் கலெக்டர் பரிசலை நிறுத்திவிடுவார், நமக்கும் விஷயம் விளங்கிவிடும். என் பெட்டியோ வெள்ளத்தில் முங்கிக் கிடந்த ரோட்டைக் காட்டி, “நேராகச் செல்லவும்” என்றது. இறங்கியிருந்தால் ஐபிஎக்ஸ்7 பரீட்சையில் அது பாஸாகியிருக்கும்.

அதனால் ஆளிடம் வழி கேட்கிறேன். இங்கே எல்லோரும் பப்பை அடையாளம் வைத்துத்தான் வழி சொல்வார்கள். சாராயக்கடையை வைத்து வழி சொல்வதற்குக் கூச்சமே கிடையாது, கிழவிகள்கூட. “ரெட் லயன் தாண்டி இடது” என்றால் இடதுதான். அந்த ரெட் லயன் மூடி வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். நம்ம பக்கம் ரோட்டை அகலப்படுத்த வெட்டிய புளியமரத்தை இன்னும் சொல்லி, “அங்க ஒடிச்சிக்கோ” என்கிறோமே, அதேதான். பழகிய ஊர் மாதிரி இருந்தது எனக்கு.

கம்பெனிக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை ‘சாரி’ சொன்னாள். திரையைத் துடைத்தீர்களா என்றாள், துடைத்தேன். அணைத்துப் போட்டீர்களா என்றாள், போட்டேன். பழைய நிலைக்குத் திருப்பி அமையுங்கள் என்றாள். அதற்கு ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அந்தப் பட்டன் எந்த ஓரத்தில் இருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். கடைசியில் பெட்டியைத் தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள், அனுப்பியாயிற்று. இப்போதைக்கு ரோட்டு நம்பர்களைத் தாளில் பெரிதாக எழுதி, பாலித்தீன் உறையில் போட்டு, பெட்ரோல் டேங்க் மேல் டேப் ஒட்டி ஓட்டுகிறேன். மழையில் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

ஆடிப்பெருக்குக்கு லீவு கேட்டிருக்கிறேன். மேலாளர் யோசிக்கிறார். அவருக்கு ‘இல்லை’ பட்டன் பிரமாதமாக வேலை செய்யும், அதுதான் பயம்.

மச்சான் அதே பெட்டியில் ஒன்று வாங்கிவரச் சொன்னானாம், ஒகேனக்கல் போக. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு எந்த வழி என்று தெரியாதவனுக்கு ஜிபிஎஸ் என்ன செய்யும்? நல்ல கையுறை வாங்கி வருகிறேன், கை அளவை ஒரு தாளில் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்