பேஜ்மேக்கர்ப் பிரிவாற்றாமை: ஒரு திணையியல் ஆய்வு

பெற்றவரே கைவிட்ட மென்பொருளைப் பயனர் எவ்வாறு கைவிடாதிருக்கிறார் என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வு எல்லை, தமிழ்நாட்டு டிடிபி சென்டர்களில் உயிரோடிருக்கும் பேஜ்மேக்கர் 6.5, 7.0 ஆகிய இரு பதிப்புகள். கருதுகோள் பின்னால் வரும். முடிவு தெரிந்த பிறகு கருதுகோளை எழுதுவதே நம் ஆய்வேடுகளின் மரபு.

சியாட்டிலில் பால் பிரெய்னெர்ட் தொடங்கிய ஆல்டஸ் நிறுவனம் 1985-ல் மெக்கின்டாஷுக்காகப் பேஜ்மேக்கரை வெளியிட்டது. வெனிஸ் நகரத்துப் பழைய அச்சாளர் ஆல்டஸ் மனூசியஸின் பெயரைத்தான் நிறுவனத்துக்கு வைத்திருந்தார்கள். 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. இன்டிசைன் என்னும் இளையாள் 1999-லேயே வீட்டுக்குள் வந்துவிட்டாள். மூத்தாளுக்கு 2001-ல் எடுத்துக் கொடுத்த கடைசிப் புடவைதான் 7.0. எட்டு வரவேயில்லை.

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டு என்பார்கள் மேலை அறிஞர்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. டிடிபி ஆபரேட்டர் முதல் நிலையிலேயே இருபது வருடத்துக்கு மேல் சௌகரியமாக உட்கார்ந்திருப்பதால் இக்கோட்பாடு இங்கே உதவாது. நமக்கு உதவுவது ஐந்திணையே.

ஆபரேட்டரின் இந்நிலையை நெய்தல் என்பாரும் உளர். நெய்தலாயின் இரங்கல் வேண்டும். சென்டருக்குள் பிரின்டர் சத்தம் தவிர வேறு புலம்பல் ஏதும் கேட்கவில்லை. முல்லை என்பாரும் உளர். முல்லையாயின் கார்காலத்தில் திரும்புவேன் என்று தலைவன் சொல்லிச் சென்றிருக்க வேண்டும். அடோபி அப்படி எதுவும் சொல்லவில்லை. 2004-ல் இன்டிசைனுக்கே பேஜ்மேக்கர் பதிப்பு என்று ஒன்றைத் தயாரித்து, வருகிறவர்கள் வரலாம் என்று வாசலைக் காட்டியதோடு சரி. எனவே இவ்வாய்வாளரின் துணிபு: இது குறிஞ்சி. பிரிவே நிகழவில்லை. புழக்கத்திலுள்ள பிரதிகள் பலவற்றுக்கு ரசீது கிடையாதாகையால் களவொழுக்கம் என்பதும் பொருந்தும்.

ரசீது விஷயம் சிறியதன்று. ஃப்ரீஹேண்ட் என்னும் வரைகலை மென்பொருளை அடோபி நிறுத்திய பிறகு அதன் பயனர்கள் சிலர் திரண்டு 2011-ல் அமெரிக்காவில் வழக்கே தொடுத்தார்கள். நம்மவர்கள் ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று கேட்பவருக்கு, வழக்குப் போடப் பில் வேண்டும் என்பதே விடை.

இனி உண்மையான காரணம். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதற்குத் தமிழும் தெரியாது. தெரிந்தது போல நடிக்கத் தெரியும். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். ஆனால் கணினி மனதுக்குள் எழுதிவைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. இது பொய்தான், ஆனால் வேலை செய்யும் பொய். 'கொ' வேண்டுமென்றால் ஆபரேட்டர் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று அடிப்பார். மூன்றும் அடித்த இடத்தில் நிற்கும். யூனிகோடு அப்படியன்று. அதில் ககரம்தான் முதலில் சேமிக்கப்படும். கொம்பைப் பிடித்து முன்னால் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை இன்டிசைன் ஒழுங்காக ஏற்றுக்கொள்ள 2012-ன் சிஎஸ்6 வரவேண்டியிருந்தது. அதுவரை அங்கே கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். ஆக, பத்து வருடத்துக்கு மேல் ஆபரேட்டரின் பிடிவாதம் பிடிவாதமே அன்று, நியாயம்.

விதியின் நுட்பம் இங்கேதான் உள்ளது. பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைனும் அதே சிஎஸ்6 தான். அடுத்து 2013-ல் வந்த சிசி, மாதச் சந்தா கேட்டது. பழைய கோப்பைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்டது. தமிழும் தெரிந்து, பழைய உறவையும் மதித்த பதிப்பு ஒன்றே ஒன்று. அதில் திறந்தாலும் பக்கம் வருமே தவிர, உள்ளே இருப்பது அதே ஜே, கே, பி, ஓ.

பேஜ்மேக்கரில் அன்டூ ஒரே ஒரு தடவைதான். இரண்டாவது தவறைத் திருத்த வழியில்லை. இது ஆபரேட்டர்களிடையே வளர்த்த நிதானம் தனி ஆய்வுக்குரியது. இன்டிசைனில் பழகிய இளைஞர்களிடம் அது இல்லை என்று மூத்தவர்கள் சொல்வதில் பொறாமையும் கொஞ்சம் இருக்கலாம்.

கருப்பொருள்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: எக்ஸ்பி போட்ட பழைய சிஸ்டம், பட்டர் ஷீட், டைப்ரைட்டர் முறைக் கீபோர்டு, ஆறிய டீ. தெய்வம், மானிட்டர் மேல் பிள்ளையார். இந்த சிஸ்டத்தில் இன்டர்நெட் கிடையாது, வேண்டுமென்றே தரவில்லை. அதுவே அதன் ஆயுள் ரகசியம். ஃபிளாஷுக்கு நேர்ந்ததைப் பாருங்கள்: 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயர் தானாகவே படம் காட்ட மறுத்தது. சாகும் தேதியை வயிற்றிலேயே சுமந்திருந்த மென்பொருள் அது. பேஜ்மேக்கர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, யாருக்கும் தகவல் சொல்வதில்லை. ஹார்ட் டிஸ்க் இருக்கும்வரை இருக்கும்.

மனம் மாறிப் போனவர்களும் முழுதாகப் போய்விடவில்லை. இன்டிசைனின் கீபோர்டு ஷார்ட்கட் பட்டியலில் பேஜ்மேக்கர் 7.0 என்றொரு தொகுப்பை அடோபியே வைத்திருக்கிறது. உடம்பு புதிது, விரல் பழையது. சித்தர்கள் இதைக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றார்கள்.

மேலாய்வுக்குரிய களங்கள் பல. கோரல்டிராவின் பழைய பதிப்பை விடாமல் பிடித்திருக்கும் பத்திரிகை அடிப்பவர்கள், 2016-ல் கூகுள் கைகழுவிய பிகாசாவை இன்னும் சிஸ்டத்தில் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர்கள். நேரமின்மையால் இவை விடப்பட்டன. இந்த ஆய்வேட்டை யூனிகோடில்தான் ஏற்போம் என்கிறது பல்கலைக்கழகம். பக்கம் கட்டிய ஆபரேட்டரிடம் கேட்டதற்கு, "அதுக்கென்ன சார், கன்வெர்ட்டர்ல போட்டு மாத்திடலாம். ஒரு தடவை மட்டும் முழுசா புரூஃப் பாத்துருங்க, 'ஸ்ரீ' எல்லாம் எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது" என்கிறார்.