ஒரே அச்சு, ஒரே விதியா?

கேள்வி: என் தங்கைகள் அச்சு அசல் இரட்டையர். ஒருத்திக்கு மனச்சிதைவு. இன்னொருத்திக்கும் வந்துவிடுமா?

பதில்: வந்தே தீரும் என்றில்லை. அப்படிப்பட்ட இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவே. ஒரே மரபணு இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்? மரபணு சமையல் புத்தகம் என்றால், எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது என்று அதில் ஒட்டும் ரசாயனச் சீட்டுகளே எபிஜெனெடிக்ஸ். கருவில் இருக்கும்போதே சூழல் இந்தச் சீட்டுகளை மாற்றலாம் என்பதற்கு ஒரு உதாரணம்: 1944-45 குளிர்காலத்தில் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வராமல் நாஜிகள் மறித்தார்கள். ஜனங்கள் துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்கு மனச்சிதைவு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! பஞ்சத்தில் கருவான சிலரின் ரத்தத்தை அறுபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஒரு மரபணுவில் மெத்தில் என்ற ரசாயனச் சீட்டு குறைந்திருந்தது. நோய்க்கு அதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. நோயுள்ள தங்கை மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவளை நோயாளியாகப் பார்க்காதீர்கள், பாவம்.